வலப்பக்கம் பை

லாங்கு பஜாரில் எடுத்த காக்கித் துணியை
தினத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து
என் மெஷின்மேல் வைத்தாள் பூங்காவனம்.
"சட்டை. எனக்குத்தான்" என்றாள்
நான் கேட்பதற்கு முன்பே.

பதினோரு வருடமாகக் காகிதப்பட்டறையில்
ஜாக்கெட் தைக்கிறேன்.
கழுத்து எவ்வளவு இறக்கம்,
முதுகில் கயிறா கொக்கியா,
இவ்வளவுதான் என் கேள்விகள்.
காக்கிக்கு என்ன கேட்பது?

பொத்தான் எந்தப் பக்கம் என்றேன்.
"அதுலகூடவா பக்கம்?"
ஆம்பளைக்கு வலம், பொம்பளைக்கு இடம்.
யார் போட்ட சட்டமோ,
எனக்குத் தொழில் தந்த மாஸ்டருக்கும் தெரியாது.

மூன்று மாதமாக
கொழுந்தன் ஆட்டோவை ராத்திரியில் ஓட்டுகிறாள்,
காட்பாடி ஜங்ஷனிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும்.
பகலில் ஸ்டாண்டில் இடம் கேட்டாள்.
"காக்கிச் சட்ட போட்டுக்கினு வா, அப்புறம் பேசலாம்"
என்றாராம் செயலாளர்.
டீ கிளாசோடு எல்லோரும் சிரித்தார்களாம்.
சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு
சொன்ன சொல்லை மட்டும்
எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

டேப்பை வைத்ததும் மூச்சை உள்ளே இழுத்தாள்,
ஜாக்கெட்டுக்கு நின்று நின்று வந்த பழக்கம்.
விடும்மா, நல்லா விடு என்றேன்.
தோள் பதினாறரை.
அவளுக்கே ஆச்சரியம். "அவ்ளோவா?"

பை இடப்பக்கம் என்று எழுதப் போனேன்.
"வேணாம், வலப்பக்கம் வை.
பாலாத்துப் பாலத்துல ஏறச்சே
வலக்கை ஆக்ஸிலேட்டர விடாது.
சில்லற எடுக்க இடக்கைதான் சும்மா கீது."
ஊரில் உள்ள அத்தனை சட்டைக்கும்
பை இடப்பக்கம்தான்.
சாக்பீசால் கோடு போட்டபோது
எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது.

அதுவரை அவள் துட்டு
ஜாக்கெட்டுக்குள் சின்ன பர்சில்.
எடுக்க வேண்டுமென்றால்
சவாரிக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும்.
முந்தானை முடிச்சை
வீட்டில் எல்லோரும் அவிழ்ப்பார்கள்.
"பைக்கு மூடி வை, மூடிக்குப் பொத்தான் வை" என்றாள்.
வைத்தேன். நூலை நாலு சுற்று கூடவே சுற்றினேன்.

புடவைமேல் மாட்டிக்கொண்டு போய் நின்றாளாம்.
செயலாளர் மேலும் கீழும் பார்த்தாராம்.
வாழ்த்தெல்லாம் இல்லை.
"பதினேழு. கடைசியில நில்லு."

எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்தபடி
வங்காளத்துத் தாயும் மகளும்
பதினாறு வண்டியைக் கடந்துவந்து
"தீதீ" என்றார்களாம் அவளிடம்.
முறை மீறிவிட்டாள் என்று அன்றைக்கே சண்டை.
சட்டை சண்டையை நிறுத்தவில்லை.
ஆனால் சண்டை போட
அவளுக்கு ஒரு நம்பர் இருந்தது.

ஆடி மாசம் சட்டை திரும்பி வந்தது,
அக்குளில் தையல் விட்டு.
வண்டியை ஒடித்துத் திருப்புகிற கை அது,
அரை அங்குலம் தளர்த்தினேன்.
பையில் ஏதோ இருந்தது, மடித்த காகிதம்.
பிரிக்கவில்லை.
பொத்தானைப் போட்டு வைத்தேன்.

பிறகு பெயின்டரைக் கூப்பிட்டு
"ஜாக்கெட் தைக்கப்படும்" என்பதற்குக் கீழே
ஒரு வரி சேர்த்தேன்.
எண்பது ரூபாய் கேட்டான், அறுபது கொடுத்தேன்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும்
கழுத்தையும் கொக்கியையும் முதலில் கேட்பதில்லை.
வேலை செய்யும்போது
எந்தக் கை சும்மா இருக்கும் என்று கேட்கிறேன்.

நேற்று தேசம்மா வந்தாள், ஓட்டேரி.
மாநகராட்சிக் குப்பை வண்டி.
கோட்டு தொளதொளவென்று கிடக்கிறது,
பிடித்துத் தைத்து ஒரு பையும் வேண்டுமாம்.
கேட்டேன்.
தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"சும்மா இருக்கிற கையா?" என்றாள்.

சாக்பீசைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
பையை எங்கே வைப்பது?