அக்கி எழுதிய பக்கம்

பை வார் உரசுகிற இடம் அது.
இருபத்தாறு வருஷமாய்
வலத்தோளில் ஏறி இட விலாவில் இறங்கும் வார்.
எரிச்சல் வந்ததும்
வாரைத்தான் சந்தேகப்பட்டேன்.

இரண்டாம் நாள், அயனாவரம் டெப்போவில்
சட்டையைத் தூக்கினேன்.
முதுகுத்தண்டில் தொடங்கி மார்புக்குக் கீழே
பாதி வளையம்,
கொத்துக் கொத்தாய் நீர்க்கொப்புளம்.
"அக்கிண்ணே" என்றான் டிரைவர் தனகோட்டி.
"தலையும் வாலும் சேர்ந்துட்டா ஆள் காலி."

கொசப்பேட்டையில்
காவியைக் குழைத்து, கோழி இறகால்
என் விலாவில் ஒரு சிங்கம் எழுதினார்கள்.
ஒரு மணி நேரம் குளிர்ச்சி.
பிறகு சிங்கம் காய்ந்து
பனியனுக்குள் உதிர்ந்தது, பிடரி முதலில்.

ஐந்தாம் நாள் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி.
"சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"
போட்டது. மூன்றாம் வகுப்பில், ஓட்டேரியில்.
தலைக்குத் தண்ணீர் ஊற்றி
ஆத்தா இறங்கிட்டா என்று
தெருவுக்கே கூழ் ஊற்றினார்கள்.

"இறங்கலை" என்றார் டாக்டரம்மா.
"நரம்போட வேர்ல உட்கார்ந்திருக்கு.
உடம்பு அசந்தப்போ எழுந்து
அதே நரம்பு வழியா தோலுக்கு வந்திருக்கு."

நாற்பத்து நாலு வருஷம்!
எவன் எந்த ஸ்டேஜில் ஏறினான் என்று
முகம் பார்த்தே சொல்கிறவன் நான்.

"மூணு நாளுக்குள்ள வந்திருக்கணும்."
சிங்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.
காவிக்கறை அவர் கண்ணில் பட்டிருக்கும்.

மாத்திரை ஐந்து வேளை.
ராத்திரி பதினொன்றுக்கு அலாரம்.
மருமகள் பூவிழிக்கு ஏழாம் மாசம்,
அவளுக்கு அம்மை வந்ததேயில்லை.
பெட்டியோடு கொருக்குப்பேட்டைக்கு அனுப்பினோம்.
ஆட்டோ திரும்பும் வரை
வாசல் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

கொப்புளம் பொருக்குத் தட்டி விழுந்தது.
இப்போது அங்கே வெளுத்த புள்ளிகள்தான்,
வலிக்குக் காட்ட ஒன்றுமில்லை.
மின்விசிறிக் காற்று பட்டால்
கொதி எண்ணெய் தெறித்த மாதிரி.
போர்வை நுனி பட்டால் எழுந்து உட்கார்கிறேன்.
"ஆறிடுச்சே, இன்னும் என்ன?" என்கிறாள் மனைவி.
கோபமாய் இல்லை; நிஜமாகவே கேட்கிறாள்.
மாசக்கணக்காகலாமாம். சிலருக்கு அதற்கும் மேல்.

டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன்.
பையை வலப்பக்கம் மாற்றியாயிற்று.
சில்லறைக்குக் கை இன்னும்
இடப்பக்கம்தான் போகிறது.
போய், அந்தரத்தில் நிற்கிறது,
தொடாமல்.

புரசைவாக்கத்தில் கூட்டம் ஏறுகிறது.
உள்ளே போங்க, உள்ளே போங்க என்கிறேன்,
முழங்கையை வேலிபோல் வைத்துக்கொண்டு.