கேரம் ஆடும் மாவட்டம்

சமாதானபுரத்தில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பயோடேட்டா
அடித்துத் தரப்படும்.
கடைசி 'ம்' பெயிண்ட் உதிர்ந்து
'தரப்படு' என்று அதட்டுகிறது போர்டு.

டி டிரைவில் ஒரு ஃபைல்:
சிகாமணி ஃபைனல் நியூ டூ.
இரண்டாயிரத்துப் பதினொன்றில்
நாங்குநேரியிலிருந்து வந்த ஞானசிகாமணி
முதன்முதல் அடித்துக்கொண்டு போனது.
அவன் பெயரை அழித்து அடுத்தவன் பெயர்.
அவன் அப்பாவை அழித்து அடுத்தவன் அப்பா.
மற்றதெல்லாம் அப்படியே.
கடின உழைப்பாளி. குழுவாகச் செயல்படுவேன்.
பொழுதுபோக்கு: கேரம்.

களக்காட்டு நர்சுகள், வள்ளியூர் டிப்ளமோக்கள்,
சேரன்மகாதேவியிலிருந்து மூன்று பி.எட்.,
எல்லோரும் கேரம் ஆடினார்கள்.
ஒருமுறை சென்னைக் கம்பெனிக்காரர் ஒருவர்
தாளின் அடியில் கிடந்த என் நம்பருக்கு அடித்தார்.
"என்ன சார், உங்க ஊர் ஆத்துல
தண்ணி ஓடுதா, பவுடர் ஓடுதா?"
சிரித்தேன். ஃபைலை மாற்றவில்லை.
தாளுக்கு முப்பது ரூபாய்.
முப்பது ரூபாய்க்கு ஒரு மனிதனை
எவ்வளவு விசாரிக்க முடியும்?

போன ஆடியில்,
காற்று ஷட்டரைப் பிடித்து உலுக்கிய மத்தியானம்
ஆவுடைச்செல்வி வந்தாள், முக்கூடல்.
ஹைகிரவுண்டு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில்
பில்லிங்குக்கு ஆள் எடுக்கிறார்களாம்.
பி.காம்., இரண்டாயிரத்துப் பதினாறு.
அதற்கப்புறம்?
"அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

எட்டு வருஷ ஒண்ணுமில்லையை அடிக்க
சிகாமணி ஃபைனலில் இடம் கிடையாது.
கர்சர் ஒரே இடத்தில் துடித்தது.
"வீட்ல சும்மாவா இருந்திய?"
"சும்மா எங்க? பீடி சுத்துனேன்."
சொல்லிவிட்டுக் கையை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

கேட்கக் கேட்க வந்தது.
கட்டுக்கு இருபத்தைந்து. நாளுக்கு நாற்பது கட்டு.
அதோடு தெருவில் இருபத்துமூன்று பேருக்கு
இலை, தூள், நூல், கழிவு, பி.எஃப்.,
எல்லாம் இவள் நோட்டில்.
ஒரு மாசம் கணக்கு இடித்தது.
கூட்டினாள். அடியிலிருந்து மேலே கூட்டினாள்.
ஆளுக்கு ஐம்பது கிராம் இலை குறைந்தது.
பீடிக்கடைக்குப் போய்த் தராசை மாற்றச் சொன்னாள்.
"மாத்துனாவளா?"
"ரெண்டு மாசம் எனக்கு இலையே தரல.
பெறவு மாத்துனாவ."

புதுப் பக்கம் திறந்தேன்.
வெள்ளை கண்ணில் குத்தியது.
எட்டாண்டுகள், இருபத்துமூன்று தொழிலாளர்களின்
இருப்பு மற்றும் கூலிக் கணக்கு.
எடைக் குறைவைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது.
திரையை வாய்க்குள் வாசித்தவள் நிறுத்தினாள்.
"எட்டு இல்ல அண்ணாச்சி, ஏழேகால்.
பிள்ளை பெத்தப்ப ஒம்பது மாசம் நோட்டு எழுதல."
ஏழேகால் என்று திருத்தினேன்.

இனி கடிதம்.
தங்கள் மேலான சமூகத்திற்கு
என்று கை தானாக ஓடியது. அழித்தேன்.
"எதிர்ல உக்காந்திருக்காவன்னா என்ன சொல்லுவிய?"
"பில்லுல அஞ்சு ரூவா இடிச்சாலும்
ராத்திரி தூக்கம் வராதும்பேன்."
அதையே போட்டேன், ராத்திரியை எடுத்துவிட்டு.
பிறகு ராத்திரியையும் போட்டேன்.
பொழுதுபோக்கு என்று கேட்டதற்கு
அவள் சிரித்ததில் அந்த வரியே போய்விட்டது.

இரண்டு தாள் அறுபது, கவர் மூன்று என்றேன்.
"கவர் ரெண்டு ரூவான்னுல்லா
போர்டுல போட்டிருக்கு."
ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

வேலை கிடைத்ததோ என்னவோ, தெரியாது.
மறுநாள் காலை ஐ.டி.ஐ. ஃபிட்டர் ஒருவன்,
நம்பியருள், பேட்டைப் பையன்,
பஸ் போயிரும்ணே என்று ஒற்றைக்காலில் நின்றான்.
சிகாமணியைத் திறக்காமல் நிதானமாகக் கேட்டேன்:
உண்மையைச் சொல்லு தம்பி,
உனக்கு எதில் ஆசை?

"கேரம்ணே. மாவட்டத்துல ரெண்டாவது."

இனி இதை எவன் நம்புவான்.