கிராம்பு என்று எழுதிய குப்பி

ப்ரெஸ்த் துறைமுகத்தில் பிப்ரவரி மழை
நின்று பெய்வதில்லை, படுத்துப் பெய்கிறது.
குடையை மடக்கிவிட்டு நனைந்தபடி
சியாம் தெரு மருந்துக்கடையிலிருந்து
நான்கு சிறு குப்பிகளோடு வருகிறாள் க்வெனோலா.
ரோஜா. எலுமிச்சை. யூகலிப்டஸ். கிராம்பு.
வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடுமாம்,
அதனால் பழுப்புக் கண்ணாடி.
மற்ற மூன்றின் விலையையும் சேர்த்து
ரோஜா தனியே வாங்கிக்கொண்டது.

நவம்பரில் வந்த காய்ச்சல்
போகும்போது மூக்கையும் கூட்டிப் போய்விட்டது.
மூக்கு முகத்தில்தான் இருக்கிறது,
மூக்குக்கண்ணாடி வைக்க.
பள்ளிக்கூடச் சமையலறையில்
நாற்பது லிட்டர் லீக் சூப் அடிபிடித்தபோது
கரண்டி பிடித்திருந்தவளைத் தவிர
கட்டடம் முழுக்கத் தெரிந்தது.
மறுநாளிலிருந்து அவளுக்கு
காரட் நறுக்கும் வேலை.

மதாம் லெ பிஹான் கல்லாவுக்குப் பின்னால் நின்று
விரல்விட்டுச் சொல்லியிருந்தாள்:
எண்ணெயை நேராகத் தோலில் தேய்க்காதே,
பூசத்தான் வேண்டுமென்றால்
இரண்டு மேசைக்கரண்டி பாதாம் எண்ணெயில் ஆறே சொட்டு.
வாயில் விடவே விடாதே.
டிஃப்யூசரில் மூன்று சொட்டு, அரை மணி நேரம்,
ஜன்னலைத் திறந்து வை.
பூனை இருக்கிறதா? பூனைக்கு ஆகாது.
மூக்குக்கு என்றால் அதுவும் வேண்டாம்,
குப்பியைத் திறந்து காலையில் இருபது நொடி,
மாலையில் இருபது நொடி.
மாதங்கள் ஆகலாம்.
ஆகாமலும் போகலாம்.

யார் கேட்டார்கள்?
அன்றிரவே டிஃப்யூசரில் தண்ணீர் ஊற்றினாள்.
மூன்று சொட்டு கிராம்பு. வெறும் ஆவி.
இன்னும் மூன்று. ஆவி.
யூகலிப்டஸைக் கவிழ்த்தாள்,
எண்ணிக்கை எங்கோ தப்பியது.
வெந்நீரின் ஈரம் மட்டும் முகத்தில் வந்து உட்கார்ந்தது.
எதுவும் எட்டாதவளுக்கு
எவ்வளவு என்றால் அதிகம்?

கதவு தட்டப்பட்டது.
மேல்மாடி எர்வான். டிராம் ஓட்டுகிறவன்,
விடியலில் நாலு மணிக்கு எழ வேண்டியவன்.
பைஜாமா. இரண்டு கண்ணிலும் தண்ணீர்.
இடுப்பில் இடுக்கிய பூனை தும்மிக்கொண்டே இருந்தது.
"வீட்டுக்குள் காட்டைக் கொளுத்துகிறாயா?"
அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.
சுருங்கிய மூக்கு, சிவந்த இமை, பின்வாங்கிய தலை.
மூன்று மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வாசனை
அந்த முகம்தான்.
"எப்படி இருக்கிறது?" என்றாள். "சொல்லேன்."

திட்ட வந்தவன் தடுமாறினான்.
பூனையை மாடியில் விட்டுவிட்டு வந்தான்.
அவளுடைய ஜன்னல்களையெல்லாம் திறந்தான்.
மழை தரையோடு வந்து காலைத் தொட்டது.
படிக்கட்டில் உட்கார்ந்து
ஒவ்வொரு மூடியாகத் திருகினான்.
"இது பல் டாக்டர்.
இது இருமல் மிட்டாய்.
இது கழுவிவிட்ட முதல் டிராம், ஆள் ஏறுவதற்கு முன்னால்.
இது..." ரோஜாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான்.
"இது விலை அதிகம்."

டிஃப்யூசர் பரணுக்குப் போனது.
சமையலறைச் சுவரில் ஒரு தாள் வந்தது,
காலை ஒரு கோடு, மாலை ஒரு கோடு.
இருபது நொடி என்பது
கண்ணை மூடினால் எவ்வளவு நீளம் தெரியுமா!
எலுமிச்சையில் எலுமிச்சை இல்லை.
ரோஜாவில் யாரும் இல்லை.
சில நாள் கோடு மட்டும் போட்டாள்,
மூடியைத் திறக்காமலே.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்,
வேலைக்கு நேரமாகிவிட்ட காலை,
கிராம்புக் குப்பிக்குள்ளிருந்து
எரிந்த டயர் எழுந்து வந்தது.
அடிவயிறு புரட்டும் டயர்.
குமட்டிக்கொண்டு தொட்டியைப் பிடித்தாள்.
மறுபடி முகர்ந்தாள். மறுபடியும் டயர்!

தமிழில் நாற்றம் என்ற சொல்
ஒரு காலத்தில் நறுமணத்தைத்தான் சொன்னது,
பிறகுதான் கெட்டது.
ப்ரெத்தோன்காரி அவளுக்கு இதெல்லாம் தெரியாது.
தாளில் அன்றைய கோட்டின் பக்கத்தில்
பேனா அழுந்த எழுதினாள்:
கிராம்பு, டயர்.

பிறகு இரண்டிரண்டு படியாக ஏறி
எர்வான் கதவைத் தட்டினாள்.
அவன் தண்டவாளத்தில் இருந்தான்.
உள்ளேயிருந்து பூனை மட்டும்
ஒருமுறை தும்மியது.