நாற்பத்தோராம் ஓட்டம்

அறிவியல்நகரில் இரவு இரண்டு பத்து.
யூபிஎஸ் முனகிக்கொண்டிருக்கிறது.
திரையில் இரண்டு லட்சம் அயன்கள்,
எல்லாம் எண்கள்தான், ஒன்றும் சுடாது.

நடுவில் பருத்து
இரு முனையிலும் ஒடுங்கிய காந்தப்புலம்.
ஒடுங்கும் வாயில் புலம் இறுகும்,
வருகிறவை தயங்கித் திரும்பும்.
அதனால் அதற்கு ஆடி என்று பெயர்.
எல்லாம் திரும்புவதில்லை.
கோட்டோடு கோடாக வருகிறவை
நில்லாமல் போய்விடும்.
அந்தத் திசைகளைச் சேர்த்தால் ஒரு கூம்பு.
இழப்புக் கூம்பு என்று குறித்திருக்கிறேன்.

இழப்பு.
முட்கம்பிக்குள் ஏழு மாதம் இருந்தவள் நான்.
காலை எண்ணிக்கையில் ஆள் குறைந்தால்
வாசலில் கொப்பியோடு இருந்தவன்
அப்படித்தான் எழுதியிருப்பான்.
தறப்பாளுக்குள் நாங்கள் அதற்கு
வேறு சொல் வைத்திருந்தோம்.

சரி, அது கிடக்கட்டும்.

வாயை இறுக்கிப் பார்த்தேன்.
விகிதம் நாலு, ஆறு, எட்டு.
ஒழுக்கு குறைந்தது, நிற்கவில்லை.
பிறகுதான் சுழற்சி:
அச்சில் ஒரு மின்வாய்,
அதற்கும் சுவருக்கும் நடுவே லட்சம் வோல்ட்டு.
காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே மின்புலம் விழ
முழுப் பிளாஸ்மாவும் அச்சைச் சுற்றத் தொடங்கும்.
சுற்றுகிற வேகம் அயனைப்
பருத்த வயிற்றுக்கு எறியவேண்டும்.
என்னுடையது வாய்க்கு எறிந்தது.
இருபத்தொன்பதிலிருந்து நாற்பது வரை
பன்னிரண்டு ஓட்டம்,
ஒவ்வொன்றிலும் மில்லிசெக்கனுக்குள் வெறும் குழாய்.
வோல்ட்டைக் கூட்டினால் இன்னும் கெதியாகக் காலி.
நிதுசன் எல்லா வரியும் பார்த்துவிட்டுப்
பிழையில்லை என்றான்.

நேற்றுப் பின்னேரம் ஏ-ஒன்பது வீதியில்
பள்ளிக்கூடப் பிள்ளையொருத்தி
சைக்கிளில் என்னை முந்தினாள்.
சில்லுக் கம்பிகளில் நிற மணிகள்.
மெல்ல உருண்டபோது
கலகலவென்று விழுந்து விழுந்து எழும்பின.
அவள் எழும்பி நின்று மிதிக்க
எல்லாம் விளிம்புக்கு ஓடி ஒட்டிக்கொண்டன,
சத்தமே இல்லை.
கரடிப்போக்குச் சந்தியில் பிரேக் பிடித்தாள்.
மேல்பாதி மணிகள்
பொலபொலவென்று நடுவுக்கு.

கம்பிதான் கோடு. மணிதான் அயன்.
வீட்டுக்குப் போகாமல் சைக்கிளைத் திருப்பினேன்.

ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
மையநீக்க விசைக்கு முன்னே
ஒரு கழித்தல் குறி.
நான் போட்டதுதான்.

இப்போது நாற்பத்தொன்று.
ஒரு மில்லிசெக்கன். மூன்று. ஏழு.
வயிற்றில் தடித்த ஒரு பட்டி,
வாய் இரண்டும் ஏறக்குறைய இருட்டு.
பதினொன்றில் கரண்ட் போய்விட்டது.
யன்னலுக்கு வெளியே எல்லாம் இருட்டு,
எங்கோ நாயொன்று
வேலையில்லாமல் குரைக்கிறது.
யூபிஎஸ் எட்டு நிமிடம் தரும்.

சேமித்தேன்.
தொலைபேசி வெளிச்சத்தில் குறிப்பேட்டைத் திறந்து
இழப்பு: நூற்றுக்கு நாலு என்று எழுதினேன்.
முதற் சொல்லை வெட்டி
வெளியேறியவை என்று போட்டேன்.

காலையில் நிதுசன் பார்த்தால் சிரிப்பான்,
கட்டுரையில் மாற்று என்பான்.
கட்டுரையில் மாற்றுவேன்.