ஆறாவது கேள்வி

விடியக்காலம் மூணு மணிக்கு
சோமனூரில் இரண்டு சத்தங்கள்:
பக்கத்துக் குடோனில் தறி,
என் மடியில் பம்ப்.
நூல் அறுந்தால்
தறிக்குத் தானாக நிற்கத் தெரியும்.

நிதிலன் குடித்து முடித்து
வாயோரம் வெள்ளைக் கோட்டோடு தூங்குகிறான்.
மிச்சம் புட்டிக்குள் இறங்குகிறது.
நூறு. நூற்றிருபது.
நூற்றைம்பதைத் தொடும்வரை
சுவரில் சாய்ந்து அந்தக் கோட்டையே பார்த்திருப்பேன்.
நீல மூடி, ஒட்டுத்தாள்,
தேதி, மணி, ச. கோகிலவாணி.
எங்கள் ஃப்ரீசரில் மீன் வைத்து
நாலு மாசமாகிறது.

வெள்ளிக்கு வெள்ளி
ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டியில் வருவார் நவமணி.
கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில்
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் சிசுக்களுக்கு.
ஒன்று தொள்ளாயிரம் கிராம் என்றார் ஒருநாள்.
அன்றைக்குச் சாயங்காலம்
ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டணத்தை
உள்ளங்கையில் வைத்தபடி நின்றுவிட்டேன்.
கடைக்காரர் முகம் சுருங்கி
"எடையெல்லாம் கொறையாதுங்" என்றார்.
அந்த வாரத்திலிருந்து
புட்டி ஒன்று கூடிப்போனது.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளரும் என்கிறார்கள்.
வளர்கிறான், ஏழரைக் கிலோ.
ஆனால் அந்தப் பழமொழியில்
பிள்ளைகள் மட்டும்தான் இருக்கிறார்கள்.
ஊட்டுகிறவள்
உட்கார்ந்து தின்றாளா
நின்றுகொண்டே தின்றாளா,
தலைக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை நாள்,
ஒரு வார்த்தை கிடையாது.

நவமணி நீட்டும் தாளில் எட்டுக் கேள்விகள்.
காய்ச்சல் உண்டா. மாத்திரை உண்டா.
ஆறாவது:
நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?
பதினாறு வெள்ளியும்
ஏழு என்று எழுதியிருக்கிறேன்.
ஏழு நல்ல எண்.
யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

போன வியாழன்
அரிசிம்பருப்புக்குக் குக்கர் வைத்தேன்.
அடுத்து எனக்குத் தெரிந்தது
கதவு உடைகிற மாதிரித் தட்டும் சத்தம்.
தறிக்காரர் குப்புராஜ்.
"ஏனுங், குக்கரு
பதினேழு விசில் உட்டுருச்சுங்!"
அடுப்புத் திட்டில் தலை வைத்து
நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.
அன்று மாசாந்திரக் கரண்ட் கட்.
தறி ஓடியிருந்தால்
அவருக்கும் கேட்டிருக்காது.
தொட்டிலில் கொலுசுக் காலை ஆட்டிக்கொண்டு
இவன் சிரித்துக் கிடந்தான்.

மறுநாள் ஆறாவது கேள்வியில்
பேனா நின்றது.
மூன்று என்று எழுதினேன்.
அடித்தேன்.
பக்கத்திலேயே மறுபடியும் மூன்று.
ஃப்ரீசரைத் திறந்தேன். ஐந்து புட்டி.
மூன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு
"ரெண்டு எனக்குங்" என்றேன்.
"பாப்பாவுக்கா?"
"இல்லீங், எனக்கு.
ரவைக்கு இவரு காச்சிக் குடுப்பாரு.
நான் தூங்கோணும்."

'காச்சி' இல்லை, வெந்நீரில் வைத்து
ஆற்றித்தான் தரவேண்டும் என்றார் நவமணி.
அவ்வளவுதான் சொன்னார்.
அந்தத் தொள்ளாயிரம் கிராம்
எப்படி இருக்கிறது என்று
கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
நாலாவது புட்டியையும் எடுத்திருப்பேன்.
ஸ்கூட்டி தெருமுனை திரும்பும்வரை
கை ஃப்ரீசர் கதவிலேயே இருந்தது.

அன்று ராத்திரி
சம்பத் கிண்டியில் வெந்நீர் வைத்ததும்
புட்டியைத் தேடிப் பாத்திரங்களை உருட்டியதும்
இவன் இரண்டு முறை அழுததும்
காலையில் அவர் சொல்லித் தெரியும்.
தறி ஓடியதாம்.

விழித்தபோது
நைட்டி, தலையணை, பாய் எல்லாம் நனைந்திருந்தது.
எத்தனை மில்லி, தெரியாது.
தேதி இல்லை, மணி இல்லை.
பாயோரம் எறும்புகள்
எனக்கு முன்னே எழுந்து
வரிசையில் வந்திருந்தன.

கொஞ்சம் நகர்ந்து
காய்ந்த பக்கமாகப் படுத்துக்கொண்டேன்.