ஒரு மணி மூன்று நிமிடம் வரை

தோண்டு என்று அவர் சொல்லவில்லை.
மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"இங்கே குழாய் உடைந்திருக்கிறது,
அறிந்துகொள்ளுங்கள்" என்றார் மலாயில்,
ரொம்ப மரியாதையாக.

அறிந்துகொண்டேன், பந்தே.
எத்தனை அடி?
சிரித்தார். அதையும் சொல்லக்கூடாதாம்.
"ஆழத்தையும் அறிந்துகொள்ளுங்கள்."

பாயா தெருபோங் சரிவில் மூன்று குடில்,
ஒரு தண்ணீர்த் தொட்டி, காவி காயும் கம்பி.
அனோமர் என்று பெயர்.
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.
முந்தின தீபாவளிவரை
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
சில்லுகளை உருப்பெருக்கியில் பார்த்தவர்.
இப்போது குடிக்கும் நீரைத் துணியில் வடித்து
அந்தத் துணியைப் பார்க்கிறார்,
ஏதாவது துடிக்கிறதா என்று.

மண் கீறக்கூடாது. இலை கிள்ளக்கூடாது.
காசைத் தொடவே கூடாது:
என் நூற்றைம்பது வெள்ளியைச்
செயலாளர் ஊய் கொண்டுவருவார்,
பகல் சோற்றோடு.

மூன்றாவது கொத்தில் மண்புழு.
சங்குல் நடுவே போய்விட்டது.
இரண்டு துண்டும் தனித்தனியே
தன்னைத் தேடின.

எனக்கு ஏன் கோபம் வந்ததென்று தெரியவில்லை.
இருபத்தாறு வருசமாக இந்தத் தீவில் தோண்டுகிறேன்,
புழுவுக்காக நின்றதில்லை.
"உங்கள் விதி முழுசாக இருக்கிறது, பந்தே.
புழுதான் பாதியாகிவிட்டது.
இது யார் பேரில் பற்று?"

நெடுநேரம் பேசவில்லை அவர்.
போதிக்கப் போகிறார் என்று
நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.
போதிக்கவில்லை.
"நீங்கள் கொத்தும்போது
தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும்தான்
நினைத்துக்கொண்டிருந்தேன்.
பட்டியலில் இது இல்லை. ஆனாலும்
பௌர்ணமிக்கு விதி ஓதுமுன்
பெரிய பந்தேயிடம் சொல்ல வேண்டும்."
சொன்னால்?
"கேட்டுக்கொள்வார். இனி அடக்கமாயிரு என்பார்."
அவ்வளவுதானா?
"அவ்வளவுதான். அதுதான் கஷ்டம்."

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஊய் போன் செய்தார்.
மரம் விழுந்து சாலையெல்லாம் நெரிசல்.
வாசல் கரும்பலகையில் இன்றைய நண்பகல்: 1.03.
இந்த ஊரில் கடிகாரம் ஓடுவது ஒரு பக்கம்,
சூரியன் உச்சிக்கு வருவது இன்னொரு பக்கம்.
அது தாண்டினால் நாளை விடியும்வரை
அவர் எதையும் மெல்ல முடியாது.

தலைக்கு மேலே கொய்யா.
பழுத்து, ஒரு பக்கம் அணில் கொறித்து,
கையெட்டும் தூரத்தில்.
அவர் அதைப் பார்க்கவில்லை;
பார்க்காமல் இருப்பதை நான் பார்த்தேன்.
"பழத்தையும் அறிந்துகொள்ளட்டுமா?"
முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.
பதில் மட்டும் சொல்லவில்லை.

அணில் தொடாத ஒன்றைப் பறித்தேன்.
கழுவக் குழாயில் தண்ணீர் ஏது?
சட்டையில் துடைத்து நீட்டினேன்.
விதை முளைக்குமாம், அதுவும் உயிர்க்கணக்காம்.
ஒரு கீறல் போட்டுக்
"கப்பியம், பந்தே", இது ஆகும், கொள்ளலாம்,
என்று சொல்லித்தான் தர வேண்டுமாம்.
கத்தி வண்டியில். நகம் இருந்தது.
நகத்தடியில் அந்தப் பள்ளத்து மண் இருந்தது.

கீறினேன்.
வெள்ளைச் சதையில் கறுப்பாய் ஒரு கோடு.

துடைக்கவில்லை அவர்.
உட்கார்ந்து, கண் தாழ்த்தி,
கோட்டையும் சேர்த்து மென்றார்.
1.01க்கு நிறுத்தி
மிச்சப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

ஊய் வந்தபோது மணி இரண்டு.
சோற்றுப் பொட்டலத்தை நான்தான் பிரித்தேன்.
வெள்ளியை எண்ணிப் பையில் போட்டேன்.
குழாய் ஒட்டி, தண்ணீர் வந்து,
குழியை மூடுமுன்
சங்குலை ஓரம் வைத்துவிட்டுக் கையால் துழாவினேன்.

ஒரு துண்டு அசையாமல் கிடந்தது.
மற்றது இல்லை.
எந்தப் பக்கம் போயிற்று என்று
அறிந்துகொள்ள முடியவில்லை.