வலது காலுறை

வார்டோ மீன் ஆலையில்
பத்து மணி நேரம் ரப்பர் பூட்ஸுக்குள் நிற்கிற கால்கள்
சாயங்காலம் வெளியே வரும்போது
வெந்த கிழங்கு போல வெளுத்திருக்கும்.
உரித்ததை என் கூடையில் போடுவார்கள்,
நாற்பத்திரண்டு ஜோடி.
துவைத்து, உலர்த்தி, ஜோடி சேர்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
மூக்கைப் பற்றிக் கேட்காதீர்கள்,
அது மூன்றாம் மாதமே ஓய்வு வாங்கிக்கொண்டது.

டோர்ஃபினின் விரலிடுக்கில் தோல் பிளந்த வாரம்
தொடங்கியது சண்டை.
'அறுபது டிகிரியில் துவைக்கணும்' என்றான் ஜிட்ரூனாஸ்.
யார் சொன்னது?
'ராணுவத்தில், நர்ஸ்.'
எந்த வருஷத்து நர்ஸ்?
'கம்பளிக்குத் தண்ணீரே ஆகாது, காற்று போதும்.'
அது யார் சொன்னது?
கம்பளி விற்கிறவன்.
ஸோல்வெய் கைபேசியில் ஒரு டாக்டரைக் காட்டினாள்:
வெள்ளை அங்கி, நல்ல பல்வரிசை,
கீழே உள்ளங்கால் பொடி, டப்பா முன்னூறு குரோனர்.
டோர்ஃபின் ஆய்வுக் கட்டுரையே அச்செடுத்து வந்தான்.
பதினெட்டுப் பக்கம்.
முதல் பக்கத்துக் காபிக் கறையை
ஒருவரும் தாண்டவில்லை.
வியர்வைக்கு நாற்றமில்லை,
அதைத் தின்கிற கிருமியால்தான் என்று இருந்ததாம்.
'என் கிருமியை நீ பார்த்தாயா?'

அப்போதுதான் எழுந்தான் ஓட்வர்,
போன இலையுதிர்காலம் போட்ஸ்ஃபியூரிலிருந்து வந்தவன்,
வாய் திறக்காதவன்.
கூடையைக் கிளறித் தன் வலது காலுறையை எடுத்து
ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் வைத்தான்.
'நாலு நாள் போட்டது. மோந்து பாருங்கள்.'
கைமாறிக் கைமாறிப் போனது காலுறை.
டோர்ஃபின் கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்தான்.
சருகாய் உலர்ந்திருந்தது.
'காற்று' என்றான் ஓட்வர். 'அவ்வளவுதான்.'
கட்டுரை அன்றிரவு அடுப்புக்குப் போனது.

இடதை ஏன் எடுக்கவில்லை என்று
யாருமே கேட்கவில்லை.

இடது எல்லார் காலுறையும் போலத்தான்,
குதிகாலில் உப்புக்கோடு,
பெருவிரலில் கஞ்சி போட்ட விறைப்பு.
வலதில் உப்பே ஏறியதில்லை.
கணுக்கால் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை,
திருகாணித் தலையளவு வட்டம்.
இரண்டு முறை சாம்பல் நூலில் தைத்திருக்கிறேன்.
அந்தக் காலை நான் பார்த்ததில்லை.
என்னிடம் இருப்பது ஓட்டை மட்டும்.

மறுநாள் கூடையில் இருபது ஜோடிதான்.
மற்றவை ஜன்னல் கயிற்றில் காற்று வாங்கின.
டோர்ஃபினின் விரல் சிவந்து, பிறகு நீர்கட்டியது.
இரவு ஷிஃப்டில் அவனுடையதை உருவி
அறுபதில் போட்டு
விடிவதற்குள் அதே கொக்கியில் மாட்டிவந்தேன்,
மூன்று வாரம்.
தோல் சேர்ந்தது.
'பார்த்தீர்களா, காற்று!' என்றான்.
கம்பளி சுருங்கியதை
கால் பெருத்ததாக எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஓட்வர் சலவை அறைக்கு வந்தான்.
நின்றான்.
இயந்திரத்தின் டயலைப் பார்த்தான்.
நான் அவன் கையிலிருந்த ஓட்டையைப் பார்த்தேன்.
'சாம்பல் நூல் தீர்ந்துவிட்டது' என்றேன்.
'நீலமும் பரவாயில்லை' என்றான்.